தஞ்சைப் பண்டிதரின் பெயர் என்ன?

கௌடிலியரின் அர்த்தசாத்திரத்தைக் கேள்விப்படாத வரலாற்று மாணவர் இரார். ஓலையில் கிடந்த அந்நூலை அச்சுக்குக் கொண்டுவந்தவர் மைசூரைச் சேர்ந்த ஆர். சாம சாஸ்திரி என்பதையும் பலர் அறிவர். ஆனால் அந்த ஓலையை மைசூருக்குக் கொண்டுவந்து கொடுத்தவர் யார் என்று கேட்டால் விடை இல்லை. தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் அதை மைசூர் அரசின் கீழ்த்திசை நூலகத்தில் ஒப்படைத்தார் என்று சாம சாஸ்திரி குறித்திருக்கிறார். பட்டசுவாமி என்பவர் எழுதிய உரையின் ஒரு சிறு பகுதியும் அதனுடன் வந்தது. பண்டிதரைப் பற்றிப் பொதுவாக வழங்கும் செய்தி இவ்வளவே. அவர் பெயர் என்ன, எந்த ஊர், எந்தத் தெரு, அந்த ஓலை அவர் வீட்டுப் பரணில் எத்தனை தலைமுறையாக இருந்தது, அதைப் பாதுகாத்த பாட்டன் பூட்டன் யார் என்ற கேள்விகளெல்லாம் அந்த ஒற்றை வரிக்கு வெளியே நின்றுவிட்டன.

மைசூரின் உள்ளூர் வரலாற்றைப் பேசுவோர் பெரும்பாலும் அரண்மனையிலும் தசராவிலும் தொடங்குவர். இந்தப் பெயரில்லாப் பண்டிதரிடமிருந்தும் அதைத் தொடங்கலாம். காரணம், மைசூர் என்ற நகருக்கு வேறு எந்தத் தென்னிந்திய நகருக்கும் எளிதில் வாய்க்காத ஒரு குணம் உண்டு. அது ஓலையையும் கல்லெழுத்தின் படியையும் மொழிகளின் ஒலிப்பதிவையும் சேர்த்து வைக்கும் நகரம். தன்னுடையதை மட்டுமன்றி அயலாருடையதையும் சேர்த்து வைத்த நகரம். அப்படிச் சேர்த்தபோது எதைக் குறித்தது, எதைக் குறிக்காமல் விட்டது என்பதில் உள்ளூர் வரலாற்றை எழுத விரும்பும் ஒவ்வொருவருக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

சாம சாஸ்திரி 1868இல் ருத்ரபட்டணத்தில் பிறந்தவர். இன்றைய ஹாசன் மாவட்டத்தில் காவிரிக் கரையில் உள்ள ஊர் அது. மைசூரில் சமஸ்கிருதம் பயின்று, சென்னைப் பல்கலைக்கழகத்தின் இளங்கலைப் பட்டமும் பெற்றார். அந்நாளில் மைசூரின் திவானாக இருந்த கே. சேஷாத்ரி ஐயர் அவரது திறமையைக் கண்டு கீழ்த்திசை நூலகத்தில் பணி அளித்தார். அந்நூலகம் 1891இல் பத்தாம் சாமராஜ உடையார் காலத்தில் நிறுவப்பட்டது. அது இடம்பெற்ற கட்டடம் விக்டோரியா அரசியின் ஆட்சிப் பொன்விழாவை ஒட்டி 1887இல் எழுந்த ஜூபிலி கட்டடம். பேரரசி ஒருவரின் பெருமைக்காகக் கட்டப்பட்ட மாளிகைக்குள், ஒருகாலத்தில் பேரரசுகளை நடத்தும் வழிமுறைகளை எழுதிய நூல் ஒன்று வந்து சேர்ந்தது காலம் செய்த குறும்பு என்றே சொல்ல வேண்டும்.

வந்த சுவடி கிரந்த எழுத்தில் இருந்தது. சமஸ்கிருதத்தை எழுதுவதற்காகத் தமிழகத்தில் வளர்ந்த எழுத்து அது. மேல்காவிரிக் கரையில் பிறந்த ஒருவர், கீழ்காவிரிக் கரையில் எழுதிக் காக்கப்பட்ட ஓலையைப் படித்தார். இன்று காவிரி என்றதும் இரு மாநிலத்தாருக்கும் நினைவுக்கு வருவது நீர்ப் பங்கீட்டு வழக்கு. அதே ஆற்றின் வழியே எழுத்தும் அறிவும் மேலும் கீழும் போய்வந்திருக்கின்றன என்பதை இந்த ஓலை நினைவூட்டுகிறது.

அர்த்தசாத்திரம் அதுவரை முற்றிலும் அறியப்படாத பெயராக இருந்ததில்லை. தண்டி, பாணர், காமந்தகர் போன்றோரின் நூல்களில் கௌடிலியரின் பெயரோ கருத்தோ வரும். மேற்கோளாக மட்டும் அறிந்த நூல், முழு உருவில் இருக்கிறது என்பதைச் சாம சாஸ்திரி அடையாளம் கண்டார். 1905 முதல் பகுதி பகுதியாக ஆங்கிலத்தில் பெயர்த்து இதழ்களில் வெளியிட்டார். மூலம் 1909இல் அச்சேறியது. முழு மொழிபெயர்ப்பு ஜே. எஃப். ஃப்ளீட்டின் முன்னுரையோடு 1915இல் நூலாக வந்தது. வரி, சுங்கம், சுரங்கம், நெசவு, ஒற்றர், அளவை, எடை என்று ஆட்சியின் ஒவ்வோர் அங்கத்தையும் பேசும் அந்நூல், பண்டைய இந்தியர் மறுமையைப் பற்றி மட்டுமே சிந்தித்தனர் என்ற அன்றைய எண்ணத்தை அசைத்தது.

மைசூரில் இதைத் தொட்டு ஒரு கதை வழங்குகிறது. மைசூர் மன்னர் ஜெர்மனிக்குச் சென்றிருந்தபோது, தாம் மைசூரிலிருந்து வந்திருப்பதாகச் சொன்னாராம். அதைக் கேட்ட அறிஞர் ஒருவர், சாம சாஸ்திரியின் மைசூரா என்று வினவினாராம். ஊர் திரும்பிய மன்னர் சாஸ்திரியைப் பாராட்டினாராம். கேட்பதற்கு இனிய கதை. அரசனைவிட அறிஞனால் ஓர் ஊர் அறியப்பட வேண்டும் என்ற ஆசை அதில் இருக்கிறது. ஆனால் கேட்டவர் யார், எந்த நகரில், எந்த ஆண்டில் என்பவை பெரும்பாலும் கதையோடு சேர்ந்து வருவதில்லை. பண்டிதரின் பெயர் விடுபட்டதற்கும் இதற்கும் ஒரு தொடர்பு உண்டு. இரண்டிலும் செய்தி பிழைத்தது, செய்தி வந்த வழி அழிந்தது.

வழி அழிந்தால் என்ன இழப்பு என்று கேட்கலாம். நூல்தான் கிடைத்துவிட்டதே, கொடுத்தவர் யாராயிருந்தால் என்ன என்று தோன்றலாம். சுவடியியல் பயில்வோர் அப்படிக் கேட்க மாட்டார்கள். டி. கணபதி சாஸ்திரி 1924, 1925 ஆண்டுகளில் திருவனந்தபுரத்திலிருந்து தம் உரையுடன் அர்த்தசாத்திரத்தைப் பதிப்பித்தார். ஆர். பி. காங்க்ளே 1960இல் பம்பாயிலிருந்து செம்பதிப்பைக் கொண்டுவந்தார். இவர்களுக்குக் கிடைத்த சுவடிகள் பெரும்பாலும் தென்னாட்டவை. பாடலிபுத்திரத்து அரசியலைப் பேசும் நூல் என்று கருதப்படுவது, கங்கைக் கரையில் ஏறத்தாழ மறைந்து, காவிரிக் கரையிலும் மலையாள நாட்டிலும் ஏன் தங்கியது? யார் அதைப் படித்தார்கள்? சோழ நாட்டு அக்கிரகாரத்தில் அது பாடமாக இருந்ததா, நாயக்கர் அல்லது மராட்டியர் அவையில் யாருக்கேனும் தேவைப்பட்டதா? பண்டிதரின் ஊர் தெரிந்திருந்தால் இக்கேள்விகளுக்கு விடை தேடப் புறப்பட ஓர் இடமாவது இருந்திருக்கும். அவர் குடும்பத்தில் வேறு சுவடிகள் இருந்தனவா என்று யாரேனும் போய்ப் பார்த்திருக்கக்கூடும்.

இதைச் சாம சாஸ்திரியின் குறையாகச் சொல்வது நியாயம் ஆகாது. அவர் காலத்தில் சுவடி என்பது அதனுள் இருக்கும் நூல்தான். அது ஒரு வீட்டின் பொருள், ஒரு குடும்பத்தின் வரலாறு, ஒரு பயணத்தின் சான்று என்ற பார்வை பின்னால் வந்தது. தாமே கண்டெடுத்ததாகச் சொல்லிக்கொள்ளாமல், தஞ்சை மாவட்டத்தார் ஒருவர் கொடுத்தார் என்று எழுதியது அவரது நேர்மை. அந்த நேர்மையால்தான் இன்று கேள்வியாவது மிஞ்சியிருக்கிறது.

இதே மைசூரில், இதே காலத்தில், இதற்கு நேர்மாறான ஒரு பழக்கமும் வேரூன்றிக்கொண்டிருந்தது. பெங்களூரில் பிறந்த ஆங்கிலேயரான பி. எல். ரைஸ், மைசூர் சமஸ்தானத்தின் கல்வெட்டுகளைத் தாலுகா தாலுகாவாகத் தொகுத்தார். ‘எபிகிராபியா கர்நாடிகா’ என்ற பெயரில் 1886 தொடங்கி ஏறத்தாழ 20 ஆண்டுகளில் 12 தொகுதிகள் வந்தன. அவற்றில் இடம்பெற்ற கல்வெட்டுகள் ஏறத்தாழ 9000. மைசூர் மாவட்டத்தின் முதல் பகுதி 1894இலும் இரண்டாம் பகுதி 1898இலும் வெளிவந்தன. தொகுதியைத் திறந்தால் முதலில் தாலுகா, பிறகு எண், பிறகு ஊர், பிறகு அந்தக் கல் நிற்கும் இடம். கோயிலின் எந்தப் பக்கம், ஏரிக்கரையா, வயலா என்பது வரை குறிப்பு இருக்கும். ஆராய்ச்சியாளர் அதைக் கொண்டு கல்லைத் தேடிப் போகலாம். அந்த ஊரார் அதைக் கொண்டு தம் ஊரைத் தேடிப் படிக்கலாம்.

ரைஸின் வாசிப்புகள் எல்லாம் சரியானவை என்று யாரும் சொல்லார். அவருக்குப் பின் 1906இல் பொறுப்பேற்ற ஆர். நரசிம்மாச்சார் புதிய கல்வெட்டுகளைச் சேர்த்தார். மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் கன்னட ஆய்வு நிறுவனம் 1970களில் தொடங்கிப் புதிய பதிப்பையே கொண்டுவந்தது. ஆனால் திருத்த முடிந்ததற்குக் காரணம் ரைஸ் இடத்தைக் குறித்திருந்ததுதான். பிழையான வாசிப்பை மீண்டும் கல்லிடம் போய்ச் சரிபார்க்கலாம். இடம் குறிக்கப்படாத சரியான வாசிப்பை ஒருவரும் சரிபார்க்க முடியாது.

தமிழ் வாசகருக்கு இந்தத் தொகுதிகள் அயலார் வரலாறு ஆகமாட்டா. மைசூருக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவில், காவிரியின் வளைவில், தலக்காடு இருக்கிறது. மேலைக் கங்கரின் தலைநகராக இருந்த ஊர். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழர் கைக்கு வந்தபோது அதற்கு இராசராசபுரம் என்று பெயர் சூட்டப்பட்டது. கங்கபாடி நாடு முடிகொண்ட சோழமண்டலம் ஆயிற்று. ஒரு நூற்றாண்டுக்குப் பின் ஹொய்சள விஷ்ணுவர்த்தனன் அதைக் கைப்பற்றி, தலக்காடு கொண்டவன் என்ற பட்டத்தைத் தரித்தான். தஞ்சைப் பெரிய கோயிலின் மாணவரும் மைசூர் மாவட்டத்தின் மாணவரும் ஒருவர் இல்லாமல் மற்றவர் தம் பாடத்தை முடிக்க முடியாது.

அதே தலக்காட்டைப் பற்றி அங்குள்ள மக்களிடம் கேட்டால் சோழரையும் ஹொய்சளரையும் முதலில் சொல்ல மாட்டார்கள். அலமேலம்மாவின் சாபத்தைச் சொல்வார்கள். 1610இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பிடித்த ராஜ உடையாரின் ஆட்கள் நகைகளுக்காகத் துரத்தியபோது, அவள் தலக்காடு மணலில் புதையவும் மாலங்கி மடுவாகவும் மைசூர் அரசர்க்குப் பிள்ளை இல்லாமற்போகவும் சபித்து ஆற்றில் இறங்கினாள் என்பது கதை. கோயில்கள் மணலுக்குள் கிடப்பதைக் கண்ணால் காணும் ஊரில் இக்கதைக்குச் சான்று கேட்பார் இல்லை. மணல் ஏன் வந்தது என்பதற்கு ஆற்றையும் காற்றையும் ஆராய்வோர் வேறு விளக்கம் தருவர். கல்வெட்டு அரசனைச் சொல்லும். கதை, அரசனால் துரத்தப்பட்டவளைச் சொல்லும். இரண்டையும் வைத்திருக்கும் ஊருக்கே முழு வரலாறு உண்டு. ஒன்றை மற்றொன்றாக எண்ணிக் குழப்பாமல் இருக்க வேண்டும், அவ்வளவே.

கல் அழியாதது என்று நினைப்பதும் ஒரு மயக்கம். மைசூருக்கு அருகில் 1911இல் தொடங்கி 1931 வரை கட்டப்பட்ட கிருஷ்ணராஜ சாகர் அணையில் பழைய கண்ணம்பாடி உள்ளிட்ட ஊர்கள் மூழ்கின. கண்ணம்பாடியின் வேணுகோபாலசுவாமி கோயில் பல பதிற்றாண்டுகள் நீருக்குள் இருந்து, அண்மைக் காலத்தில்தான் பெயர்த்தெடுத்துக் கரையில் மீண்டும் கட்டப்பட்டது. தமிழகத்தில் அணை இல்லாமலேயே கல்லெழுத்துகள் மறைகின்றன. திருப்பணியின்போது சுவரில் பூசப்படும் சுண்ணாம்பு, மணல்வீச்சு, புதிதாகப் பதிக்கப்படும் பளிங்கு, இடம் மாற்றி அடுக்கப்படும் கற்கள் என்று காரணங்கள் பல. அப்போது எஞ்சுவது தாளில் எடுத்த படி ஒன்றுதான். அந்தப் படிகளின் கதையும் மைசூரில்தான் வந்து சேர்கிறது.

மைப்படி எடுக்கும் முறை எளிது, உழைப்பு அதிகம். கல்லில் படிந்த பாசியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் தேய்த்துக் கழுவுவார்கள். நனைத்த தாளை அதன்மேல் ஒட்டித் தூரிகையால் அடிப்பார்கள். தாள் எழுத்தின் பள்ளங்களுக்குள் இறங்கும். பிறகு மை தோய்ந்த துணிப்பந்தால் மேலே ஒற்றுவார்கள். கல்லின் பரப்பு கருமையாகவும் எழுத்து வெண்மையாகவும் விழும். உலர்ந்த தாளை உரித்து, மடித்து, ஊரையும் இடத்தையும் எண்ணையும் எழுதி வைப்பார்கள். வெயிலில் ஏணியில் நின்று இதைச் செய்த பணியாளர்களின் பெயர்கள் ஆண்டறிக்கைகளில் அரிதாகவே காணப்படும். ஆனால் கல்லின் முகவரி தவறாமல் இருக்கும்.

இந்திய அரசின் கல்வெட்டாய்வாளராக 1886இல் நியமிக்கப்பட்ட ஹுல்ட்ஷ் காலம் முதல் இந்தப் படிகள் சேர்ந்தன. ஹுல்ட்ஷ், வெங்கய்யா, கிருஷ்ண சாஸ்திரி என்று அடுத்தடுத்து வந்தோர் ஆண்டறிக்கைகளிலும் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளிலும் அவற்றை அறிமுகப்படுத்தினர். உத்திரமேரூரின் குடவோலை முறை உலகுக்குத் தெரிந்ததும் இப்படித்தான். அலுவலகம் நெடுங்காலம் உதகமண்டலத்தில் இருந்தது. 1966இல் அது மைசூருக்கு மாறியது. அதனோடு தமிழ்க் கல்வெட்டுப் படிகளும் வந்தன.

அதற்குப் பிந்தைய தலைமுறைத் தமிழ் ஆய்வு மாணவர்களுக்கு மைசூர் என்றால் ஓர் எண்ணோடு புறப்படும் பயணம். ஆண்டறிக்கையில் நான்கு வரிச் சுருக்கமாக ஒரு கல்வெட்டு இருக்கும். முழுப் பாடம் அச்சாகியிருக்காது. ஊருக்குப் போனால் கல் இருக்காது, அல்லது எழுத்து தேய்ந்திருக்கும். கடைசி நம்பிக்கை மைசூரில் மடித்து வைத்திருக்கும் தாள். அனுமதிக் கடிதம், இரவு ரயில், விடுதி வாடகை, இரண்டு மூன்று நாள் வாசிப்பு. உதவித்தொகை தாமதமாகும் மாணவருக்கு இது சிறிய செலவு ஆகாது. பல ஆய்வேடுகளின் அடிக்குறிப்புகளில் ஓர் எண்ணாக மட்டும் தெரிவது இந்தப் பயணங்களே.

தமிழ்ப் படிகள் தமிழகத்துக்கு வர வேண்டும் என்ற கோரிக்கை நீண்ட நாள் ஒலித்தது. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அவற்றை 6 மாதங்களுக்குள் சென்னைக்குக் கொண்டுவர ஆணையிட்டது. தமிழ் ஆர்வலர் மகிழ்ந்ததில் வியப்பில்லை. செம்மொழித் தமிழுக்கான மத்திய மையமும் முதலில் மைசூரிலுள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தில் இயங்கி, 2008இல் சென்னைக்கு வந்ததை அவர்கள் நினைவுகூர்ந்திருப்பர்.

எங்கே இருக்க வேண்டும் என்ற கேள்வி முக்கியமானது. ஆயினும் அதனோடு முடிந்துவிடக் கூடாது. மைசூரில் பூட்டிய அலமாரியிலிருந்து சென்னையில் பூட்டிய அலமாரிக்கு ஒரு தாள் மாறினால், மாணவருக்கு மிச்சமாவது ரயில் கட்டணம் மட்டுமே. படி எடுப்பது பாதி வேலை. அதைப் படித்து, பாடத்தை வெளியிட்டு, அது எந்தக் கல்லின் படி என்பதை எவரும் சரிபார்க்கும்படி வைப்பது மறுபாதி. ரைஸின் தொகுதிகள் 19ஆம் நூற்றாண்டிலேயே மைசூர்த் தாலுகா ஒன்றின் பள்ளி ஆசிரியருக்குத் தம் ஊர்க் கல்வெட்டின் பாடத்தையும் பொருளையும் கொடுத்துவிட்டன. தமிழகத்தின் எத்தனை ஊர்களுக்கு அது இன்னும் கிடைக்கவில்லை என்பதைத்தான் படிகளின் இடமாற்றத்தைவிடப் பெரிய கேள்வியாகக் கொள்ள வேண்டும்.

இனி நகரின் உள்ளே வரலாம். 2014 நவம்பர் 1 முதல் ஆவணங்களில் மைசூரு என்று எழுதப்படும் இந்நகரைப் பற்றி இணையத்தில் நாள்தோறும் பழைய படங்களும் நினைவுகளும் பகிரப்படுகின்றன. அவற்றைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. அரசு ஆவணம் எழுதாததை அவை சொல்கின்றன. 1890களின் இறுதியில் வந்த கொள்ளைநோயை எடுத்துக்கொள்ளலாம். ஆவணம், நெரிசலான தெருக்கள் இடிக்கப்பட்டதையும் புதிய குடியிருப்புகள் எழுந்ததையும் 1903இல் நகர மேம்பாட்டுக்கென ஒரு வாரியம் அமைந்ததையும் கூறும். வீட்டைக் காலி செய்து ஊருக்கு வெளியே கொட்டகையில் கிடந்தவர்களின் அச்சம் அதில் இருக்காது. அது பாட்டிமார் சொன்ன கதைகளில் இருக்கும், கோயம்புத்தூரில் இன்றும் வழிபடப்படும் பிளேக் மாரியம்மனைப் போன்ற தெய்வங்களில் இருக்கும். அந்தக் கதைகளைக் கேட்டு எழுதாத வரலாறு, திட்ட வரைபடம் மட்டுமே.

ஆனால் பகிரப்படும் நினைவுக்கும் முகவரி வேண்டும். இன்றைய அம்பாவிலாச அரண்மனையைப் பல நூற்றாண்டுப் பழமை உடையது என்று சொல்லும் பதிவுகள் உண்டு. பழைய அரண்மனை 1897இல் அரசகுலத் திருமணத்தின்போது தீப்பற்றி எரிந்தது. இன்றுள்ளது ஹென்றி இர்வின் வடிவமைத்து 1912இல் முடிந்தது. சென்னை எழும்பூரின் விக்டோரியா நினைவு மண்டபத்தையும் வரைந்தவர் அவரே. படத்தின் அடியில் ஆண்டு ஒன்று இருந்திருந்தால் இந்தக் குழப்பமே வந்திராது.

ஆகாசவாணி என்ற பெயரும் அப்படித்தான். அதைச் சூட்டியவர் தாகூர் என்பாரும் உளர். மகாராஜா கல்லூரியின் உளவியல் பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமி, 1935இல் மைசூரில் தம் இல்லத்திலேயே ஒரு சிறு வானொலி நிலையத்தைத் தொடங்கினார். அதற்கு ஆகாசவாணி என்று பெயர். பின்னாளில் நாட்டின் வானொலியே அப்பெயரை ஏற்றது. மைசூர்க்காரர் இதைப் பெருமையோடு சொல்வது சரிதான். அவர்கள் பெருமைக்கு வலிமை தருவது ஊர்ப்பற்று மட்டுமன்று, 1935 என்ற ஆண்டு.

ஒரே செய்தியை இரு ஊரார் இருவிதமாக நினைவில் வைப்பதும் உண்டு. 1881இல் மைசூரில் பிரதிநிதி சபையைக் கூட்டிய திவான் ரங்காசார்லு, அவருக்குப் பின் 1883 முதல் 1901 வரை ஆண்ட சேஷாத்ரி ஐயர் ஆகியோரைத் தமிழ்ப் பதிவுகள் மைசூரை உருவாக்கிய தமிழ்நிலத்தார் என்று கொண்டாடும். அதே காலத்தைப் பற்றிய மைசூரின் நினைவில், உயர் பதவிகள் சென்னை மாகாணத்தாருக்கே போயின, சொந்த நாட்டார் பின்தள்ளப்பட்டனர் என்ற மனக்குறை இருக்கிறது. இரண்டும் உண்மை. தஞ்சைச் சுவடியைப் படித்தவருக்கு வேலை கொடுத்ததும் அதே சேஷாத்ரி ஐயர்தான். பெருமையை மட்டும் எடுத்துக்கொண்டு மனக்குறையை விட்டுவிடும் உள்ளூர் வரலாறு, விருந்தினர் எழுதிய நன்றிக் கடிதமாகிவிடும்.

கட்டடங்களுக்கு இவ்வளவு காலம் கிடைக்குமா என்பதும் உறுதியில்லை. 2012 ஆகஸ்டில் லான்ஸ்டவுன் கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து நால்வர் இறந்தனர். 2016 ஆகஸ்டில் தேவராஜா சந்தையின் வடக்குப் பகுதி சரிந்தது. இடித்துக் கட்டுவதா, பழுதுபார்த்துக் காப்பதா என்ற வாதம் நீதிமன்றம் வரை போயிற்று. தூண்களின் அளவையும் கூரையின் அமைப்பையும் பொறியாளர் எழுதிவைப்பர். மல்லிகைக் கடை எந்த வரிசையில் இருந்தது, நஞ்சன்கூட்டு ரசவாழையை யார் எங்கிருந்து கொண்டுவந்தார், எந்தக் குடும்பம் எத்தனை தலைமுறையாக வெற்றிலை விற்றது, அவர்கள் தமக்குள் எந்த மொழியில் விலை பேசினர் என்பவற்றை எந்த வரைபடமும் காட்டாது. சந்தைக்குள் இன்று அமர்ந்திருக்கும் முதியவர்களே அதற்கு ஆவணம்.

இந்த வேலைக்குப் பெரிய நிதி தேவையில்லை. முனைவர் பட்ட மாணவர் ஒருவர் விடுமுறையில் செய்யலாம். இளங்கலை வகுப்பு ஒன்று ஒரு பருவத்தில் ஒரு தெருவை முடிக்கலாம். குறிப்பேட்டின் முதல் வரியில் நாள், இடம். இரண்டாம் வரியில் சொன்னவர் பெயர், அவர் ஊர், தாம் கண்டதா, பிறர் சொல்லக் கேட்டதா. தம் பெயர் வெளியே வர வேண்டாம் என்று அவர் விரும்பினால் அந்த விருப்பமும் அங்கே எழுதப்பட வேண்டும், குறிப்பேடு பாதுகாப்பாக இருக்க வேண்டும். பழைய படம் ஒன்று கைக்கு வந்தால் அது யார் வீட்டு ஆல்பத்தில் இருந்தது என்பதைப் படத்தின் பின்னாலேயே பென்சிலால் எழுதிவிட வேண்டும். கதையின் சுவையும் ஆராய்ச்சியின் முடிவும் அதற்குப் பிறகு வரட்டும்.

ஆய்வுலகம் கண்டவரை நினைவில் வைக்கும், பதிப்பித்தவருக்குச் சிலை வைக்கும். கொடுத்தவர் படியிறங்கித் தெருவில் கலந்துவிடுவார். அவர் கதவைத் தாண்டுவதற்குள் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்வது அரை நிமிட வேலை.